எந்தக் காய்க்கு எவ்வளவு குளிர்: குளிர் அறையில் காய்கறி கெடாமல் வைப்பது எப்படி

வெள்ளரிக்காயை 4 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வைத்துவிட்டு வெளியே எடுங்கள். எடுத்த அன்று பெரும்பாலும் குறை ஒன்றும் தெரியாது. பச்சை நிறம் அப்படியே இருக்கும், அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். ஓரிரு நாள் வெளியில் கிடந்தால்தான் விஷயம் தெரியவரும். தோலில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் விழும். குழியைச் சுற்றி நீர் கோத்து, தோல் வழியாக உள்ளே தெரிகிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதே இடத்தில் பூஞ்சணம். வாங்கியவர் பழைய சரக்கு என்று கோபப்படுவார். விளைவித்தவர் பறித்த அன்றே அனுப்பினேன் என்பார். இருவர் மேலும் தப்பில்லை. நடுவில் இருந்த குளிர்தான் காயைக் கெடுத்தது.

காய்கறிக் குளிர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கிரேட்டுகள் உள்ளே போவதும் வெளியே வருவதும் என் கையைத் தாண்டித்தான். பூச்சி தின்றதோ அடிபட்டதோ கெட்டுப்போனால் மனம் ஆறிவிடுகிறது. நல்ல காயை நாமே குளிரில் வைத்துக் கெடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை, ஏனென்றால் அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. எந்தக் காய்க்கு எவ்வளவு குளிர் போதும் என்று தெரிந்து, அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் சேதத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

உறைதல் வேறு, குளிர்க்காயம் வேறு

பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். உறைதல் என்பது காய்க்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாவது. அந்த நீரில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் உறையும். தக்காளி சுமார் மைனஸ் 0.5-லும், முட்டைக்கோஸ் மைனஸ் 0.9-லும், கேரட் மைனஸ் 1.4-லும் உறையத் தொடங்கும். குளிர்க்காயம் என்பது காய் உறையாமலே குளிரால் கெடுவது. அதற்கு அவ்வளவு தூரம் இறங்கவே வேண்டாம். 2, 5, 8 டிகிரியில், ஒரு துளி பனிக்கட்டிகூட இல்லாமலே அது நடந்துவிடும்.

வெப்பமான நிலப்பகுதிகளில் தோன்றிய பயிர்களுக்குத்தான் இந்தப் பாதிப்பு. வெள்ளரி, கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், பீன்ஸ், பூசணி, பாகல், சர்க்கரைவள்ளி எல்லாம் அந்தக் கூட்டம். இவற்றின் செல்களைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கிறது. குளிர் நாளில் தேங்காய் எண்ணெய் கட்டிப்படுவதைப் போல, ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்தச் சவ்வு இளக்கம் இழந்து இறுகிவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் லயன்ஸ், ரெய்சன் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. அதன்மேல் பின்னால் எத்தனையோ நுணுக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அறையில் நின்று வேலை பார்ப்பவருக்கு இந்த அடிப்படை போதும். இறுகிய சவ்வு கசியும். உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியே வரும், ஒன்றோடொன்று சேரக்கூடாத பொருள்கள் சேரும், பழுப்பு நிறம் ஏறும். வெப்பத்துக்குத் திரும்பியதும் சுவாசமும், காயைப் பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனும் திடீரென்று எகிறும். குழியும் அழுகலும் வெளியே எடுத்தபின் வேகமாகத் தலைகாட்டுவது அதனால்தான்.

இதிலிருந்து, வேலைக்கு உதவுகிற இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, சேதம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். வயலில் ஓர் இரவு 6 டிகிரி, லாரியில் ஒரு நாள் 5 டிகிரி, அறையில் இரண்டு நாள் 7 டிகிரி என்றால், காய் மூன்றையும் கூட்டித்தான் வைத்துக்கொள்ளும். இரண்டாவது, குறுகிய நேரக் குளிரிலிருந்து காய் மீள முடியும். சவ்வு இறுகிக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தால், வெப்பம் கிடைத்ததும் அது பழைய நிலைக்கு வந்துவிடும். நாள் கடந்துவிட்டால் திரும்பாது. ஆகவே தப்பான அறையில் கிரேட் இருப்பது தெரிந்தால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அந்த நிமிடமே மாற்றுங்கள்.

எதை எங்கே வைப்பது

0 முதல் 2 டிகிரி: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பச்சைப் பட்டாணி, பாலக். இவற்றுக்குக் குளிர் எவ்வளவு கிடைத்தாலும் நல்லதுதான், உறையாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். இலை என்றாலே 0 டிகிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை 10 டிகிரிக்குக் கீழே போனால் கறுத்துவிடும்.

7 முதல் 10 டிகிரி: வெண்டை, குடைமிளகாய், பச்சை மிளகாய், நன்றாகப் பழுத்த தக்காளி. பீன்ஸ் இதைவிடச் சற்றுக் கீழே, 5 முதல் 7.5 வரை தாங்கும்.

10 முதல் 12.5 வரை: வெள்ளரி, கத்தரி, பாகல்.

12.5 முதல் 15 வரை: முற்றிய பச்சைத் தக்காளி, சர்க்கரைவள்ளி, பூசணி, இஞ்சி. இதில் பூசணிக்கு மட்டும் ஈரம் ஆகாது, 50 முதல் 70 சதவீதம் போதும்.

இத்தனை அறைகளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அறுவடைக்குப் பிந்தைய துறையினர், ஒரு வாரத்துக்குள் வெளியேறும் கலப்புச் சரக்குக்கு மூன்றே வகுப்புகள் வைத்திருக்கிறார்கள்: 0 முதல் 2, 7 முதல் 10, 13 முதல் 18. இரண்டு அறைதான் இருக்கிறதென்றால் ஒன்றை 1 டிகிரியிலும் மற்றதை 10 டிகிரியிலும் வைப்பேன். சர்க்கரைவள்ளி, பூசணி, பச்சைத் தக்காளி மூன்றையும் குளிர் அறைக்கே கொண்டுபோகாமல், காற்றோட்டமான நிழல் அறையிலோ செங்கல்லும் ஈர மணலும் கொண்டு கட்டிய, நீர் ஆவியாவதால் குளிரும் தொட்டியிலோ வைக்கலாம். பூசணியை அந்த ஈரத் தொட்டியில் வைக்க வேண்டாம், நிழல் அறையே போதும். ஒரே ஓர் அறைதான் என்றால் 10 டிகிரியில் நிறுத்துங்கள். கேரட்டும் கோஸும் அங்கே கொஞ்சம் சீக்கிரம் வாடும், அவ்வளவுதான். அறையை 3 டிகிரிக்கு இறக்கி வெள்ளரியையும் கத்தரியையும் முழுசாக இழப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு காயும் காட்டும் அடையாளம்

கத்தரியை நம்புவதற்கு முன்னால் ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். வெளியே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே விதைகளும் விதையைச் சுற்றிய சதையும் பழுப்பேறத் தொடங்கியிருக்கும். நல்ல கத்தரியின் சதை வெள்ளையாக, விதை வெளிறிய நிறத்தில் இருக்கும். காயம் பட்டதில் விதைகள் முதலில் இளம் காபி நிறத்துக்குப் போய், பிறகு கரும்பழுப்பாகும். வெளித்தோல் அதற்குப் பின்னால்தான் சொல்லும்: பளபளப்பு மங்கி, வெந்த தோல் மாதிரி வெண்கல நிறத் திட்டுகள் விழுந்து, மெல்ல அமுங்கும். காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பியில் கறுப்புப் பூஞ்சணம் வந்துவிட்டால் அந்தக் கிரேட்டை அன்றே காலி செய்ய வேண்டியதுதான். ஒரு காயை வெட்டுவதில் நட்டம் ஒன்றும் இல்லை. முழு கிரேட்டின் நிலவரத்தை அது சொல்லிவிடும்.

பச்சைத் தக்காளிதான் அதிகம் ஏமாற்றும். 10 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரமோ, 5 டிகிரியில் ஒரு வாரமோ இருந்துவிட்டால் அது ஒழுங்காகப் பழுக்காது. அங்கங்கே மஞ்சள், அங்கங்கே வெளிறிய சிவப்பு என்று திட்டுத் திட்டாக நிறம் ஏறும். முழுச் சிவப்பு வராமலே மெத்தென்று ஆகி அழுகும். பழுத்த தக்காளி குளிரைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் மணம் போய்விடும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரியில் 7 நாள் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தன, மணம் தரும் பொருள்கள் மட்டும் வெகுவாகக் குறைந்தன. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்த பிறகும் அவை முழுதாகத் திரும்பவில்லை. குளிரில் வைத்த தக்காளியில் ருசியே இல்லை என்று சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை.

பீன்ஸில் முதலில் தோலின் பசுமை மங்கிப் பால் படிந்த மாதிரி ஆகும். வெளியே வந்ததும் துருப்பிடித்த நிறத்தில் கோடுகளும் புள்ளிகளும் வரும். குடைமிளகாயில் குழி விழும், காம்பு அழுகும், உள்ளே விதை கறுக்கும். வெண்டையில் நிறம் மங்கி நீர் கோத்த திட்டுகள் வரும்.

சர்க்கரைவள்ளியின் காயம் வேக வைத்தால்தான் தெரியும். 12 டிகிரிக்குக் கீழே இருந்த கிழங்கை எவ்வளவு நேரம் வேக வைத்தாலும் நடுவில் ஒரு பகுதி கடுக்கென்று வேகாமலே நிற்கும். அதை அடுப்பின் குறை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உருளைக்கிழங்கின் கதை வேறு. 4 டிகிரி போன்ற குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். வறுத்தால் பொன்னிறத்தில் நிற்காமல் கருகும், கசப்பு வரும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகும். விதைக்கிழங்குக்கு 4 டிகிரி சரி. சமையலுக்கு 7-ஐ ஒட்டி, வறுவலுக்கு 8 முதல் 12 வரை வேண்டும். இனித்துப்போன உருளையை 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் ஓரளவு சரியாகும்.

அளப்பது

சுவரில் ஒளிரும் எண்ணை மட்டும் பார்த்து அறை நடத்தக் கூடாது. அது உணரி இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பநிலை. காயின் வெப்பநிலை வேறு. கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடு கிரேட்டில் இருக்கும் ஒரு காயின் சதைக்குள் குத்திப் படியுங்கள். குத்திய காயைத் தனியே எடுத்துவிடுங்கள், அது முதலில் அழுகும்.

தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வழி எளிது. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடம் கழித்து முனையை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். டம்ளரின் பக்கத்திலோ அடியிலோ முனை படக் கூடாது. 1.5 காட்டினால், இனி படிக்கும் ஒவ்வொரு எண்ணிலும் 1.5-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 10-க்கும் 8.5-க்கும் இடையே வெள்ளரியின் விதி மாறிவிடும் என்பதால் இந்த வேலையை நான் தள்ளிப்போடுவதே இல்லை.

அடுத்தது அறையிலேயே மிகக் குளிர்ந்த இடம். ஃபேனிலிருந்து காற்று வெளிவரும் வாய்தான் அது. தெர்மோஸ்டாட்டை 10-ல் வைத்தாலும், கம்ப்ரஸர் ஓடும்போது அந்த வாயில் 6, 7 டிகிரி வரக்கூடும். அதற்கு நேர் எதிரே மேல் அடுக்கில் இருக்கும் கிரேட்டுக்கு அறை எப்போதுமே 6 டிகிரிதான். அதனால் சராசரியைப் பார்த்து அளவு வைக்காதீர்கள், அந்த வாயில் வரும் காற்று காயின் எல்லைக்குக் கீழே போகாதபடி வையுங்கள். வாய்க்கு எதிரே கோஸ், கேரட் மாதிரி குளிர் தாங்கும் சரக்கை அடுக்குவதும் நல்ல ஏற்பாடு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் பலகை போட்டு, கிரேட்டுகளுக்கு இடையே காற்று போக வழி விட்டு அடுக்குங்கள். கதவருகே ஒரு நோட்டைத் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் காயின் வெப்பநிலையை எழுதிவையுங்கள். பின்னால் சரக்கு கெட்டால் எங்கே பிசகியது என்று தேட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

ஈரம், வியர்வை, அக்கம்பக்கம்

குளிர்க்காயம் பட்ட தோல் நீரை வேகமாக இழக்கும், நீர் போன இடம் அமுங்கிக் குழியாகும். ஆகவே ஈரப்பதத்தை உயர்த்தினால் குழி குறையும். வெள்ளரி, கத்தரி, வெண்டைக்கு 90 முதல் 95 சதவீதம் வேண்டும். துளை போட்ட பிளாஸ்டிக் உறை இதற்கு நல்ல உதவி. துளையில்லாமல் இறுக்கிக் கட்டினால் உள்ளே மூச்சு முட்டி வேறு விதமாகக் கெடும். அறைக்கும் கூலிங் சுருளுக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகமானால் காற்றின் ஈரமெல்லாம் சுருளில் படிந்து வடிந்துவிடும். பெரிய சுருளில் இந்த வித்தியாசம் குறையும் என்பதால், புது அறை கட்டுபவர்கள் பெரிய சுருளாகக் கேட்டு வாங்குவது நல்லது. வெங்காயத்தையும் பூண்டையும் இந்த ஈரத்துக்குள் கொண்டுவராதீர்கள். அவற்றுக்கு 65, 70 சதவீதம் போதும், ஈரம் கூடினால் வேர் விடும்.

வெளியே எடுக்கும்போது காய் வியர்க்கும். குளிர்ந்த தோலில் வெளிக்காற்றின் ஈரம் படிவதுதான் அது. ஏற்கெனவே நலிந்த தோலில் நீர்த் துளி நின்றால் பூஞ்சணத்துக்கு அழைப்பு வைத்த மாதிரி. அறைக்கு வெளியே நிழலில், மூடிய கிரேட்டாகவே கொஞ்ச நேரம் வைத்து, சூடு சமமான பிறகு திறவுங்கள்.

பழுக்கும் தக்காளி எத்திலீன் விடும். அதன் பக்கத்தில் வெள்ளரி மஞ்சளாகும், கேரட் கசக்கும், கத்தரியின் தொப்பி உதிரும், கோஸின் வெளி இலைகள் கழன்று விழும். இவற்றைக் குளிரின் சேதம் என்று தப்பாக எண்ணி அறையின் சூட்டைக் கூட்டிவிட்டால் எத்திலீன் இன்னும் வேகமாக வேலை செய்யும். தக்காளியைத் தனியே பிரிப்பதுதான் இதற்கு வழி.

அறைக்கு வருமுன்

காலையிலேயே பறியுங்கள், நிழலில் வையுங்கள், சீக்கிரம் குளிரூட்டுங்கள். 10 டிகிரி கூடுகிற ஒவ்வொரு முறையும் காயின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும் என்பதால் வயல் சூட்டை விரைவில் இறக்குவது அவசியம். ஆனால் எதுவரை இறக்குவது என்பது காயைப் பொறுத்தது. ப்ரோக்கோலியின் மேல் ஐஸ் கொட்டலாம். வெள்ளரி மேலோ கத்தரி மேலோ கொட்டாதீர்கள். அடிபட்ட காயையும் கீறல் விழுந்ததையும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. சர்க்கரைவள்ளியைப் பறித்தவுடன் 30 டிகிரியை ஒட்டிய சூட்டில், நல்ல ஈரத்தில் 4 முதல் 7 நாள் பதப்படுத்தினால் தோலின் காயங்கள் ஆறி, சேமிப்பில் நீடிக்கும்.

குளிருக்குக் காயைப் பழக்கும் முறைகளும் இருக்கின்றன. குடைமிளகாயை முதலில் சில நாள் 10 டிகிரியில் வைத்துப் பிறகு கீழே இறக்கினால் காயம் குறையும். வெள்ளரியைக் குளிரிலிருந்து சில நாளுக்கு ஒரு முறை வெளியே எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைத்தாலும் குறையும். பச்சைத் தக்காளியை 38 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்த பிறகு குளிரூட்டினால் பழுக்கும் திறன் காப்பாற்றப்படுகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். சின்ன அறை நடத்துபவருக்கு இவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆள் வேலை கூடும், ஒவ்வொரு மாற்றத்திலும் காய் வியர்க்கும், சூடு அரை டிகிரி பிசகினால் பலன் போகும். அந்த உழைப்பைச் சரியான வெப்பநிலையில் நிறுத்துவதற்குச் செலவிடுங்கள்.

சந்தேகம் வந்தால்

அறை தப்பான குளிரில் ஓடியது என்று நோட்டைப் பார்த்துத் தெரிந்தால், சரக்கை அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வெவ்வேறு கிரேட்டிலிருந்து சில காய்களை எடுத்து, 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் இரண்டு நாள் வைத்துத் தினமும் பாருங்கள், கத்தரியாக இருந்தால் வெட்டியும் பாருங்கள். குழியும் பழுப்பும் வரவில்லையென்றால் சரக்கைத் தாராளமாக அனுப்பலாம். வந்துவிட்டால் அதைத் தூர ஊருக்கு அனுப்பாமல், அன்றே சமைக்கிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அழுகாத, பூஞ்சணம் பிடிக்காத காயைச் சமைத்துச் சாப்பிடலாம். மறுபடி குளிரில் வைத்தால் மட்டும் அது தேறவே தேறாது. உண்மையிலேயே உறைந்துபோன சரக்கு என்றால், பனி இளகும்வரை கிரேட்டைத் தொடாதீர்கள். உறைந்த கோஸை அசைத்தால் அசைத்த இடமெல்லாம் கன்றிப்போகும். 4 டிகிரியை ஒட்டி மெதுவாக இளகவிட்டு, அப்புறம் பிரித்தெடுங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இதேதான். உள்ளே பொதுவாக 1 முதல் 4 டிகிரி இருக்கும். பின் சுவரை ஒட்டிய இடம்தான் பெரும்பாலும் அதிகக் குளிர். கேரட், கோஸ், பட்டாணி, கீரைக்கு அது பொருத்தம். தக்காளி, சர்க்கரைவள்ளி, பூசணி, உருளை வெளியே நிழலில் இருக்கட்டும். வெள்ளரி, கத்தரி, வெண்டையை இரண்டு மூன்று நாளுக்குத் தேவையான அளவு மட்டும் வாங்கி, துளை போட்ட பையில் கீழ்த் தட்டின் முன்பக்கத்திலோ கதவுத் தட்டிலோ வைத்து, வெளியே எடுத்த அன்றே சமைத்துவிடுங்கள்.